ஏகாதசி இருந்த கும்பிடுபூச்சி

சூடாமணிக்கு வாய் இரண்டு. முகத்தில் இருக்கும் வாய் ‘சரி’, ‘ஆகட்டும்’, ‘உங்க இஷ்டம்’ என்ற மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு கல்யாணம் ஆன நாளிலிருந்து குடித்தனம் நடத்தி வந்தது. மனசுக்குள் இருக்கும் வாய் இருக்கிறதே, அம்மாடி, அதன் எதிரில் எவராலும் நிற்க முடியாது. லஸ் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த காலத்திலேயே அப்படித்தான். ‘என் கையெழுத்து இப்படித்தான் இருக்கும்’ என்று ஒரு பெரிய மனுஷர் மேசையைத் தட்டினால், ‘இது கையெழுத்தா, கரப்பான் மசியில் விழுந்து எழுந்து போன தடமா?’ என்று உள்ளே கேட்டுக்கொள்வாள். வெளியே, “இன்னொரு தடவை போட்டுடுங்கோ சார்” என்பாள். அந்த மனுஷருக்கும் அவள் தங்கமான பெண்மணிதான்.

அவளுடைய அகத்துக்காரர் வேதாந்தம் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உண்மையில் அன்றைக்கு ஓய்வு கிடைத்தது அலுவலகத்துக்குத்தான். அதற்கப்புறம் அவர் மந்தைவெளியில் தாங்கள் இருக்கும் அடுக்ககத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். தண்ணீர்த் தொட்டி கழுவினாலும் அவர் தலைமை. மொட்டை மாடியில் பஜனை என்றாலும் அவர் தலைமை. நாலு பேர் கூடி நிற்கும் இடத்தில் நடுவில் தாம் இல்லை என்றால் அவருக்குச் சோறு இறங்காது. இப்படி ஒருவரோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு மனசுக்குள்ளாவது ஒரு வாய் வேண்டாமா?

ஆவணி மழையில் ஒருநாள், பின்பக்கத்து பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு கும்பிடுபூச்சி வந்து உட்கார்ந்தது. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். பச்சைப் பசேலென்று, முன்கால் இரண்டையும் மடித்துக் குவித்துக்கொண்டு, முக்கோணத் தலையைத் திருப்பிச் சூடாமணியை ஏற இறங்கப் பார்த்தது. ‘இந்த ஆத்துல என்னைக் கும்பிடவும் ஒரு ஜீவன் வந்துதே’ என்று அவள் சிரித்தாள். அது கும்பிடவில்லை என்பது மறு நிமிஷமே தெரிந்துவிட்டது. பக்கத்தில் வந்த கொசுவை லபக்கென்று கவ்வி, தலையிலிருந்து தின்ன ஆரம்பித்தது. கை கூப்பியபடியே சமயம் பார்த்துக் கவ்வுகிற ஜன்மங்களை அவள் வங்கியிலும் பார்த்திருக்கிறாள், உறவிலும் பார்த்திருக்கிறாள். இது ஒன்றாவது அதை ஒளித்து மறைக்கவில்லை. அதனாலேயே அவளுக்குப் பிடித்துப் போயிற்று.

முதலில் ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, குச்சி ஒன்றைச் சாய்த்து வைத்து, வாயில் மல் துணியைக் கட்டி அதற்குள் வளர்த்தாள். பூச்சியா, அது வளர்ந்தது. தோலை உரித்து உரித்து வளர்ந்தது. ஒவ்வொரு தடவையும் மல் துணியைக் காலால் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். பழைய தோலுக்குள்ளிருந்து மெள்ள வழுக்கி வெளியே வரும். முதல் தடவை அதைப் பார்த்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் நகரவில்லை.

பாட்டில் சின்னதாகிப் போனதும், அவள் கைப்பேசியில் வீடியோ பார்த்து விஷயம் தெரிந்துகொண்டாள். கும்பிடுபூச்சியின் வீடு அதன் உடம்பைப் போல மூன்று மடங்காவது உயரம் இருக்க வேண்டும், இரண்டு மடங்காவது அகலம். ரொம்பப் பெரிதாகவும் போகக்கூடாது. போனால் இரை ஒரு மூலையிலும் இது ஒரு மூலையிலும் கிடக்கும். ஒரு வீட்டில் ஒன்றுதான். இரண்டு இருந்தால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம் கூரை. கால் பற்றிக்கொள்ளும்படி சொரசொரப்பாக, வலையாக இருக்க வேண்டும். வழவழ கூரையில் தோல் உரிக்கும்போது பிடி நழுவி விழுந்தால், புது உடம்பு காய்வதற்குள் கோணிப் போகும், கால் வளைந்துவிடும், அப்புறம் அது பிழைக்காது. அதிலும் கடைசி உரிப்பு இருக்கிறதே, அதில்தான் சிறகு முளைக்கும். அது தவறினால் தவறியதுதான், மறுபடி ஒரு உரிப்பு கிடையாது.

இதையெல்லாம் மனசில் வாங்கிக்கொண்டு அடையாறில் செல்லப்பிராணிகள் விற்கும் கடை ஒன்றுக்குப் போனாள். கடையில் ஃபைசான் என்ற இளைஞன், தலைமுடியைக் கிளிக்கொண்டை போல நிறுத்திக்கொண்டு நின்றான். பூச்சி வளர்க்கப் பெட்டி வேண்டும் என்றதும் ஒரு மீன் தொட்டியைக் காட்டினான். பிறகு வெள்ளெலிக்கு ராட்டினம் வைத்த கூண்டு. பிறகு பெரிய மனசு பண்ணி, உள்ளிருந்து ஒரு அக்ரிலிக் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி வந்தான். நீல விளக்கு, பிளாஸ்டிக் காளான், குட்டி நீர்வீழ்ச்சி.

“மேடம், இது இம்போர்ட்டட் பீஸு. உள்ள எது இருந்தாலும் சும்மா கெத்தா தெரியும்.”

“மேல் மூடி வலையா இருக்குமா தம்பி?”

“வலை இன்னாத்துக்கு மேடம்? இந்த மூடியப் பாருங்க, பளபளன்னு கீது. மேலேர்ந்து செல்ஃபி எடுத்தா சூப்பரா வரும்.”

‘செல்ஃபி யார் எடுக்கப் போறா, பூச்சியா?’ என்று உள்வாய் கேட்டது. “யோசிச்சுச் சொல்றேன்பா” என்றது வெளிவாய். இந்த ஊரில் பெட்டி வாங்குகிற எவருக்கும் உள்ளே இருக்கப்போகிறதைப் பற்றி அக்கறை இல்லை, வெளியே நிற்கிறவன் கண்ணுக்கு எப்படி இருக்கும் என்பதுதான் கவலை என்று பொருமிக்கொண்டே பஸ் ஏறினாள்.

கடைசியில் தி. நகரில், ரங்கநாதன் தெரு நெரிசலில் இடிபட்டு மிதிபட்டு, பிளாஸ்டிக் சாமான் கடை ஒன்றில் அவளுக்கு வேண்டியது கிடைத்தது. அழுக்குத் துணி போட்டு வைக்கிற மடக்குக் கூடை. கம்பிச் சுருளின் மேல் வலை போர்த்தியது. நாலு பக்கமும் வலை, மேலேயும் வலை, ஜிப் வைத்த வாய். விரித்தால் முழங்காலுக்கு மேல் நிற்கும். உள்ளே நட்டுக்குத்தலாக ஒரு காய்ந்த கிளையை நிறுத்தி, அடிப்பக்கத்தைத் துணிக் கிளிப் போட்டுச் சுருக்கி இடத்தை அளவாக்கி, பால்கனிக் கொடியில் தொங்கவிட்டாள். பூச்சி ஏறிப் போய் மேல் வலையைப் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கி, கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தது. வீடு பிடித்துவிட்டது என்று அர்த்தம். சொந்தமாக ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்தது சூடாமணிக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. குடியிருக்கிற ஃபிளாட்டைக்கூட முன்பணம் கொடுத்துவிட்டு வந்துதான் வேதாந்தம் அவளிடம் சொன்னார்.

வேதாந்தத்துக்குக் கூடையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

“அழுக்குத்துணிக் கூடையில போய்ப் பூச்சி வளர்க்கறயே, யாராவது பார்த்தா என்ன நினைப்பா?”

“அதுக்கு இதுதான்னா சௌகரியம்.”

“அது கெடக்கட்டும். ஈயைப் பிடிச்சு உயிரோட அதுக்குப் போடறயாமே, வேலைக்கார முத்தம்மா சொன்னா. ஆசாரமான ஆத்துல ஜீவஹிம்சை பண்ணலாமா? கொஞ்சம் பனீர் வெச்சுப் பாரேன். தயிர்சாதம் சின்ன உருண்டையா...”

‘மாவடு வேண்டாமா?’ என்றது உள்வாய். “பார்க்கறேன்னா” என்றாள் சூடாமணி. அன்றைக்கும் டம்ளரைக் கவிழ்த்து ஈ பிடித்துத்தான் போட்டாள்.

மார்கழி வந்தது. பூச்சி அவள் நடுவிரல் நீளத்துக்கு வளர்ந்து, முதுகில் சிறகுமொட்டு இரண்டும் உப்பிக்கொண்டு நின்றது. கடைசி உரிப்புக்குத் தயார் என்பதற்கு அதுதான் அடையாளம். இன்னொரு அடையாளம், சாப்பாட்டை நிறுத்திவிடும். அவளும் விட்ட ஈயை வெளியே எடுத்துவிட்டாள். புதுத்தோலோடு மெத்தென்று தொங்குகிற நேரத்தில் எது கடித்தாலும் ஆபத்து. மனசெல்லாம் அந்தச் சிறகின் மேலேயே இருந்தது. எழுந்ததும் பால்கனி, படுக்கப் போகுமுன் பால்கனி. பிரசவத்துக்குக் காத்திருக்கிறவளைப் போலத் தவித்தாள்.

வைகுண்ட ஏகாதசியன்று விடியுமுன் வேதாந்தம் திருவல்லிக்கேணிக்குப் போய், பெருமாளைச் சேவித்துவிட்டு, கூட்டத்தில் நசுங்கிய பெருமிதத்தோடு திரும்பி வந்தார். கால் கழுவிக்கொண்டே, “உன் பூச்சி என்ன பண்றது?” என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டாம். அவளும் பதில் சொல்லியிருக்க வேண்டாம். தலையெழுத்து, சொல்லிவிட்டாள்.

“ஒண்ணும் தொட மாட்டேங்கறதுன்னா.”

வேதாந்தம் அப்படியே நின்றார். “இன்னிக்கு என்ன நாள்டி?”

“ஏகாதசி.”

“உபவாசம் இருக்குடி அது!”

“ஐயோ இல்லேன்னா, நேத்திக்கே சாப்பிடலை. அது தோல் உரிக்கப் போறது, அதான்...”

“நேத்திக்கு தசமி! தசமியிலயே ஆகாரத்தைக் குறைச்சுக்கறதுதான் முறையான அனுஷ்டானம். நமக்கெல்லாம் வராது. கையைக் கூப்பிண்டே பொறந்திருக்கு பாரு, பூர்வ ஜன்மத்துல பெரிய பாகவதரா இருந்திருக்கும்.”

“அது பொம்மனாட்டிப் பூச்சின்னா.”

“பக்தியில ஆணாவது பொண்ணாவது.”

உபவாசத்தைப் பற்றி அவர் பேசுகிறார்! ஏகாதசிக்கு ஏகாதசி ரவை உப்புமா, சேமியாக் கிச்சடி, அவல் கேசரி என்று இலை கொள்ளாமல் விரதம் இருக்கிற மனுஷர். பூச்சி தோல் உரிக்க வாயைக் கட்டினால் அது பாகவதராம். பூகோளமே நின்றாலும் அது ஏகாதசிக்காகத்தான் நின்றது என்பார்.

அதோடு விட்டாரா? மறுநாள் துவாதசியில் விரதம் முடிக்கிற பாரணைக்கு அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் வேண்டும் என்று அவளைக் கடைக்கு அனுப்பினார். கோயில் குளத்தங்கரைக் கடைகளில் அன்றைக்கு அகத்திக்கீரைக்கு நடக்கும் அடிதடி தெரிந்ததுதானே. அலைந்து வாங்கிக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது, வாசல் முழுக்கச் செருப்பு. வீடு பெருக்கிப் பாத்திரம் தேய்க்கும் முத்தம்மா படியிலேயே மறித்தாள்.

“யம்மா, உன் பூச்சிய ஐயா பொட்டில வச்சிக்கீறாரு. பாக்க சோக்காக் கீதும்மா. மேல் வூட்டாண்டேர்ந்தெல்லாம் வந்து கும்ட்டுக்கினு போறாங்கோ. நானும் எம் பொண்ணு கல்யாணத்துக்கு வேண்டிக்கினேன்.”

கூடத்தில் நின்றது அந்தப் பெட்டி. வேதாந்தம் ஓய்வு பெற்றபோது ஒரு சந்தனமரப் பெருமாளை வைத்துக் கொடுத்தார்களே, அந்தத் தேக்குப் பெட்டி. மூன்று பக்கம் கண்ணாடி, மேலே கண்ணாடி, பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடி. உள்ளே மஞ்சள் விளக்கு. பெருமாளை அலமாரிக்கு எழுந்தருளப் பண்ணிவிட்டு, பூச்சியை அதற்குள் விட்டிருந்தார். ‘பக்தனுக்காகப் பகவானே இடம் விட்டார்’ என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தரையில் துளசி, மல்லிகைச் சரம். கிளையைக் காணோம், தரிசனத்துக்கு மறைக்கிறதாம். பூச்சி கண்ணாடியில் ஏறி, வழுக்கி, மறுபடி ஏறி, மறுபடி வழுக்கிக்கொண்டிருந்தது.

சூடாமணி கணவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

“ஏன்னா, அதுக்குப் பிடிச்சுத் தொங்க மேல வலை வேணும். கண்ணாடியில நிக்காது. தோல் உரிக்கறச்சே விழுந்தா செத்துப் போயிடும். கூடைக்கே மாத்திடறேன்.”

“ஒரு ராத்திரிதானேடி? நாளைக்குக் காலம்பற பாரணை ஆனதும் நீயே எடுத்துக்கோ. எல்லாரையும் வரச்சொல்லிட்டேன். அழுக்குத்துணிக் கூடையைக் காட்டி மானம் போகணுமா?”

பெட்டிக்குப் பூட்டு வேறு. குழந்தைகள் திறக்கிறார்கள் என்று பூட்டி, சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டிருந்தார். சாயந்திரம் மூன்றாவது மாடியில், குடியிருப்போர் சங்கத் தலைவர் வெங்கடரமணன் வீட்டில் ஏகாதசி பஜனை. சாவியும் பூணூலோடு பஜனைக்குப் போயிற்று. சூடாமணி மாடி ஏறிப் போய், கூட்டத்தின் ஓரமாக நின்று சைகை காட்டினாள். வேதாந்தம் தாளம் தட்டிக்கொண்டே, ‘காலம்பற, காலம்பற’ என்று கையை ஆட்டினார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான், வெளிவாய் வழக்கம் போல், “சரி” என்று சொல்லிவிட்டது.

சீ, என்ன பிழைப்பு! ஊரையெல்லாம் உள்ளுக்குள் கிழிகிழியென்று கிழிக்கிறவள், ஒரு சாவியைக் கேட்டு வாங்கத் துப்பில்லாமல் இறங்கி வந்தாள். அந்தக் கோபம் முழுக்க அவளுக்குத் தன் மேலேயே வந்தது.

துவாதசிக் காலையில் கூடம் நிறைந்துவிட்டது. வேதாந்தம் குளித்து, பளிச்சென்று திருமண் இட்டு, பெட்டிக்கு முன் வெள்ளிக் கிண்ணத்தில் அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் வைத்திருந்தார். பூச்சி பாரணை பண்ணப் போகிறதாம்! அதைப் பார்க்கப் படித்தவர்கள், பென்ஷன் வாங்குகிறவர்கள், பேரனுக்கு அமெரிக்காவில் விஞ்ஞானம் படிக்க இடம் கிடைத்ததைச் சொல்லிப் பூரிக்கிறவர்கள் எல்லாம் கால் கடுக்க நின்றார்கள். முத்தம்மாவும் துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு நின்றாள்.

பூச்சி எப்படியோ மேல் மூலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கண்ணாடியும் தேக்குச் சட்டமும் சேரும் இடத்தில், மெழுகு போட்டுத் தேய்த்த மரத்தின் விளிம்பை நகத்தால் பற்றித் தொங்கியது. முதுகு வெடித்திருந்தது. வெளிறிய பச்சையில் புது உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தது. இப்போது திறக்கவும் கூடாது, அசைக்கவும் கூடாது. பிடித்துக்கோடி, இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கோ என்று சூடாமணி உள்ளுக்குள் கெஞ்சினாள்.

“எல்லாரும் நன்னா சேவிச்சுக்கோங்கோ!” என்று வேதாந்தம் மணியை எடுத்துக் கணகணவென்று ஆட்டினார்.

பிடி நழுவியது. பூச்சி பாதி தோலோடு மல்லிகைச் சரத்தின் மேல் விழுந்தது. எழ முயன்றது. முன்கால் இரண்டும் முன்னால் நீண்டு, உடம்பு தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது.

“ஆஹா!” என்று வெங்கடரமணன் கை கூப்பினார். “சாஷ்டாங்கமா சேவிக்கறது பாருங்கோ!”

கூடமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. இரண்டு பேர் கைப்பேசியை உயர்த்தினார்கள். ஒரு மாமி தரையில் விழுந்து பதிலுக்குச் சேவித்தாள்.

“அது சேவிக்கலை,” என்றாள் சூடாமணி. “சாகறது.”

முதலில் யாருக்கும் யார் பேசியது என்று புரியவில்லை. அந்தக் குரலை அவர்கள் யாரும் கேட்டதே இல்லை. வேதாந்தம் மணியைக் கையில் பிடித்தபடி திரும்பினார்.

“சாவி,” என்று கையை நீட்டினாள். அவர், “இரு, எல்லாரும் இருக்கா...” என்று ஆரம்பித்ததும், “சாவியைக் கொடுங்கோன்னா!” என்று போட்ட சத்தத்தில் வாசலில் நின்றவர்கள்கூட ஒரு படி இறங்கினார்கள். ஈரப் பூணூலின் முடிச்சை அவர் அவிழ்த்துக் கொடுத்தார்.

அவள் திறந்து, பூச்சியை உள்ளங்கையில் எடுத்தாள். மீதித் தோலைத் தண்ணீர் தொட்டு மெள்ள விலக்கிப் பார்த்தாள். பிரயோஜனம் இல்லை. சிறகு இரண்டும் பிழிந்து போட்ட துணி மாதிரி சுருண்டு ஒட்டியிருந்தன. கவ்வுகிற கால்கள் வளைந்து போயிருந்தன. தலையை மட்டும் ஒரு தடவை திருப்பி அவளைப் பார்த்தது. சற்று நேரத்தில் அந்த அசைவும் நின்றது. அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை.

வெங்கடரமணன்தான் முதலில் தொண்டையைச் செருமினார்.

“வருத்தப்படாதீங்கோ மாமி. வைகுண்ட ஏகாதசி உபவாசம் இருந்து, துவாதசி பாரணை வேளையில, சேவிச்சுண்டே போயிருக்கு. நேரா மோட்சம். மனுஷாளுக்கே கிடைக்காத பாக்கியம்!”

“ஆமாம், ஆமாம்” என்றது கூட்டம். வேதாந்தத்தின் முகத்தில் ரத்தம் திரும்பியது. “நம்ம ஆத்துல நடந்திருக்கு பாரேன்,” என்று அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். நடுவில் நிற்க மறுபடியும் இடம் கிடைத்துவிட்டது அவருக்கு.

சூடாமணி பூச்சியை இடது கையில் பொத்திக்கொண்டு, வலது கையால் பெட்டியின் கதவை அகலத் திறந்து வைத்தாள். உள்வாய் பேச வேண்டியதை வெளிவாய் பேசியது.

“அவ்வளவு பாக்கியம்னா ஒருத்தரும் விட்டுடாதீங்கோ. பெட்டி காலியாத்தான் இருக்கு, விளக்குகூட எரியறது. யார் போறேள் உள்ளே? நான் பூட்டிச் சாவியை முடிஞ்சுண்டுடறேன்.”

வெங்கடரமணன் தன் செருப்பைத் தேடுவது போல் வாசல் பக்கம் பார்த்தார். வேதாந்தம் எதையோ சொல்லிச் சமாளிக்க ஓர் அடி முன்னால் வந்தார்.

“வாங்கோ,” என்றாள் சூடாமணி, பெட்டியை ஒட்டி ஒதுங்கி அவருக்கு வழி விட்டு. “எதுக்கும் முதல்ல நிக்கறவர் நீங்கதானே.”